மூக்கக்காவும் மாட்சாத் தூளும்

கம்பெனியில் எல்லோரும் அவளை மூக்கக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். மாட்சா என்பது நிழலில் வளர்த்த இளம் தேயிலையைக் கல்லில் அரைத்த பச்சைத் தூள். வந்து இறங்கும் தூளை முகர்ந்து, நல்லதா மட்டமா என்று சொல்வது அவள் வேலை. அவள் சரி சொன்னால்தான் மூட்டை கலவை அறைக்குப் போகும். இயற்கை முறையில் விளைந்தது என்று சான்றிதழ் ஒட்டியிருந்தாலும் லேசில் நம்பமாட்டாள்.

"வயல்ல எப்படி இருந்துச்சுன்னு காகிதம் சொல்லும். வழியில யார்கூட வந்துச்சுன்னு தூள்தான் சொல்லணும்" என்பாள்.

அந்த மூக்கு போன மழைக்காலத்துக் காய்ச்சலோடு போய்விட்டது. அடுப்பில் பால் தீய்ந்ததைப் புகையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். வெளியே மூச்சு விடவில்லை. வேலை போய்விடும்.

கண்ணும் விரலும் பாதி வேலையைச் செய்தன. வெள்ளைத் தாளில் ஒரு சிட்டிகை வைத்துக் கட்டைவிரலால் இழுப்பாள். நல்ல தூள் மை தீட்டியதுபோலப் பச்சை மாறாமல் நீளமாகப் போகும். மட்டமானது மஞ்சளடித்துத் திட்டுத் திட்டாக நின்றுவிடும். மீதி வேலைக்கு வீட்டில் ஒரு மூக்கு இருந்தது. மாலையில் சின்ன டப்பாவில் கொஞ்சம் எடுத்துப் போவாள். கணவர் மெக்கானிக், கிரீஸ் கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்து முகர்வார்.

"சம்பளம் உனக்கு, மூக்குத் தேயறது எனக்கா?"

"தேயட்டும். கொஞ்சம் நீளம்தானே!"

கடைசியாக வந்த தூள் கண்ணைப் பறித்தது. தாளில் வழுக்கிக்கொண்டு ஓடியது. அன்று மாலை அவர் டப்பாவைத் திறந்து ஆழமாக இழுத்தார்.

"புல்லு வாசம். போன தடவையவிட நல்லாவே இருக்கு. லேசா சோப்பு அடிக்குது... அது என் கைதான்."

இருவரும் சிரித்தார்கள். மறுநாள் அவள் சரி சொல்லிவிட்டாள். மூட்டைகள் கிடங்கில் இரண்டு நாள் இருந்துவிட்டுக் கலவை அறைக்குப் போயின.

பழைய நல்ல தூளோடு கலந்த பிறகுதான் கலவை அறை ஆட்கள் மூக்கைப் பொத்தினார்கள். அத்தனையும் சலவைத்தூள் நாற்றம். வீட்டுக்கு வந்து அவள் சொன்னபோது கணவர் தன் கையை விரித்துப் பார்த்தார்.

அடுத்த நாள் முதலாளி கிடங்குக்காரரை நிறுத்தி வைத்துக் கேட்டார்.

"தரை கழுவற சாமானோட அடுக்கி வெச்சிருக்கீங்க. வேறெப்படி ஏறும்?"

"இல்ல சார். வரும்போதே இருந்திருக்கும்."

"மூக்கக்கா மோந்து விட்டிருக்காங்க. அவங்க விட்டா சுத்தமாத்தான் வந்திருக்கும். நீங்க கிளம்பலாம்."

கிடங்குக்காரர் அவள் பக்கம் திரும்பினார். "நீங்களாவது சொல்லுங்கம்மா."

அவள் பேரே அந்த மனிதரின் கழுத்தில் கத்தியாக இருந்தது. சும்மா இருந்தால் போதும், யாருக்கும் தெரியாது.

"வரும்போதே இருந்துச்சு சார்" என்றாள். "எனக்குத்தான் தெரியல. காய்ச்சலுக்கப்புறம் மூக்கு செத்துப்போச்சு. வீட்டுல அவரு மோந்து சொல்றத வெச்சுத்தான் ஓட்டிட்டிருந்தேன்."

பின்னால் யாரோ 'களுக்'கென்று சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை. கிடங்குக்காரர் பிழைத்தார், ஆனால் அவள் முகத்தைப் பார்க்காமலே சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு போனார். அவளை லேபிள் ஒட்டும் மேசையில் உட்கார வைத்தார்கள், வேறு ஆள் கிடைக்கும்வரை.

சாயங்காலம் கணவர் வந்தார். வழக்கம்போல் குழாயடிக்குப் போகவில்லை. இரண்டு கையிலும் கிரீஸ் அப்படியே கறுத்திருக்க, எதையும் தொடாமல் கதவோரம் நின்றார்.

"சோப்பு போடல. மூடியத் திறந்து மூக்குகிட்ட நீயே காட்டு. இனிமே தப்பாது."

அவள் பையிலிருந்து டப்பாவை எடுத்துக் கவிழ்த்துக் காட்டினாள். காலியாக இருந்தது. பிறகு சோப்பை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"போய்க் கழுவிட்டு வாங்க."