ஸைனுலாப்தீனின் ‘ஓம்’

ஸைனுலாப்தீனை ஓரிடத்தில் இருத்தி வைப்பதற்காகத்தான் தாதியான என்னைக் கூப்பிட்டார்கள். அது என்னால் முடியவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மூதூரில் கடலோடு ஒட்டிய வீடு. நான் போனபோது மனிதர் கதிரையில் இல்லை. கதிரைக்கும் கதவுக்கும் நடுவில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பாரிசவாதம் வலப்பக்கத்தைத் தாக்கியிருந்தது. வலக்கை மரத்துத் தொங்கியது, வலக்கால் இழுபட்டது. இந்த நிலையில் உள்ளவர்கள் பெரும்பாலும் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார்கள். அவர்களை எழுப்புவதுதான் என் வேலையாக இருக்கும். இவரை உட்கார வைத்துவிட்டு மருந்தை எடுக்கத் திரும்பினால், எழும்பி இரண்டு எட்டு வைத்திருப்பார். எப்போதும் ஒரே திசை: பின்வளவில் இருக்கும் கொட்டில்.

"வருத்தம் வாறதுக்கு முன்னயும் இப்பிடித்தான் மிஸி," என்றார் மனைவி சித்தி பரீதா. "இருந்து சோறு தின்ன மாட்டார். ஒரு கையில சோத்துக் கோப்பை, மத்தக் கையில ஸ்பானர். நான் கலியாணம் முடிச்சது மனிசனையா பம்பரத்தையா எண்டு எனக்கே தெரியா."

கொட்டிலில் மரச்சட்டத்தில் ஒரு படகு எஞ்சின் மாட்டியிருந்தது. மேல்மூடி இல்லை. அது அவருடைய மருமகன் ஹஸ்மியின் எஞ்சின், அக்காவின் மகன். ஹஜ்ஜுப் பெருநாள் வாரத்தில் குடாவில் நடக்கும் படகோட்டப் போட்டிக்கு ஸைனுலாப்தீன் அதைத் தயார் செய்துகொண்டிருந்தார். வேலை பாதியில் நிற்கும்போதுதான் பாரிசவாதம் வந்தது.

அவருக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தது தடைதான். சண்டைக் காலத்தில் குதிரைவலு கூடிய எஞ்சின்களுக்கு அனுமதி கிடைப்பது கஷ்டம். சின்ன எஞ்சினோடு தூரம் போக முடியாது. போனாலும் கடற்படை சொன்ன நேரத்துக்குள் திரும்ப முடியாது. மீன்பிடிக்கப் போய்க்கொண்டிருந்த ஸைனுலாப்தீன் ஒருநாள் தன் எஞ்சினைக் கழற்றி, சிலிண்டருக்குள் அரத்தை விட்டார். முதல் எஞ்சின் பாழானது. இரண்டாவதும் பாழானது. மூன்றாவதுக்கு மூடியில் எட்டு என்று எழுதியிருந்தது. கடலில் அது பன்னிரண்டு போல ஓடியது. சோதனைச் சாவடியில் மூடியைத்தான் வாசிப்பார்கள். பிறகு கரையில் பாதிப் பேருடைய எஞ்சின்கள் அவர் கைக்கு வந்தன. சண்டை முடிந்து போட்டிகள் தொடங்கியபோது, ஒளித்துச் செய்த வேலையை வெளியில் செய்தார். அவ்வளவுதான் வித்தியாசம்.

டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் வால்வு இல்லை. சிலிண்டர்ச் சுவரில் துவாரங்கள் இருக்கும். மேலும் கீழும் போகிற பிஸ்டனே அவற்றைத் திறந்து மூடும். துவாரத்தை மயிரளவு உயர்த்தினால் எஞ்சின் உச்ச வேகத்தில் பறக்கும். மெதுவாக ஓட்டும்போது இருமும். அராவியதைத் திருப்பி ஒட்ட முடியாது. ஆகவே அவர் கொஞ்சம் அராவுவார், ஊதுவார், விரலை விட்டுத் தடவுவார், எழும்பி வளவை ஒரு சுற்றுச் சுற்றி வந்து மறுபடி அராவுவார். இதெல்லாம் ஹஸ்மி சொல்லி எனக்குத் தெரிந்தது. ஹஸ்மியின் எஞ்சினில் துவாரங்களை முடித்து, சிலிண்டரின் மேல்மண்டையையும் இழைத்துப் பூட்டிவிட்டார். மிச்சம் இருந்தது ஜெட். அது ஊசி நுழையாத துளையுள்ள பித்தளைத் துண்டு. பெற்றோல் அதன் வழியாகத்தான் உள்ளே போகும். சரியான ஜெட்டைத் தேர்வதற்கு முன் மனிதர் விழுந்துவிட்டார்.

பேச்சு முழுதாகப் போகவில்லை. இரண்டு சொற்கள் மிஞ்சின. ஒன்று ‘ஓம்’, ஆமாம் என்பதற்கு. மற்றது ‘தேத்தண்ணி’.

தேத்தண்ணி என்று அவர் சொன்னால் பரீதா தேத்தண்ணி ஊற்றுவார். அவர் இடக்கையால் கோப்பையைத் தட்டிவிடுவார். சீனி கூடிவிட்டதோ என்று வேறொன்று வரும். அதையும் தட்டிவிடுவார். நிலத்தைத் துடைத்துத் துடைத்துப் பரீதாவுக்கு முழங்கால் வீங்கியிருந்தது.

பார்க்க வந்த கூட்டாளிமார் அவருக்கு முன்னாலேயே பகிடி விட்டார்கள். "ஸைனுலாப்தீன் காக்காக்கு ஸ்ட்ரோக் ஒண்டுதான் வந்திரிக்கி. இன்னொண்டு வந்தா ஆளே டூ ஸ்ட்ரோக்," என்றார் மீன் வாடிக்கார முனாப். பரீதா முறைத்தார். ஸைனுலாப்தீன் வாய் கோணச் சிரித்தார். அவருக்கு எல்லாம் விளங்குகிறது என்று நான் அப்போது உறுதி செய்துகொண்டேன். ஆனால் அன்று வந்தவர்களில் ஒருவரும் அவரிடம் எதையும் கேட்கவில்லை. எஞ்சினைப் பற்றி ஹஸ்மியிடம் கேட்டார்கள்; உடம்பைப் பற்றிப் பரீதாவிடம் கேட்டார்கள். அவர் நடுவில் இருந்து மாறி மாறி முகங்களைப் பார்த்தார், பிறகு எழும்பினார்.

ஹஸ்மி பொறுப்பான பிள்ளை. முப்பது வயது, மூன்று குழந்தைகள். தானே ஒரு ஜெட்டைப் போட்டு, எஞ்சினைப் படகில் மாட்டி, குடாவில் ஓட்டிப் பார்த்துவிட்டு, பிளக்குகளைக் கழற்றிக் கையில் ஏந்திக்கொண்டு வந்தான்.

"மாமா, பாருங்க. நிறம் சரிதானே?"

"தேத்தண்ணி," என்றார் ஸைனுலாப்தீன். இடக்கை ஆடியது. "தேத்தண்ணி, தேத்தண்ணி."

"நான் சொன்னன்தானே மாமி, பால்தேத்தண்ணி நிறம் எண்டு. சரியெண்டு சொல்றார். இதோடயே ஓடவா மாமா?"

"ஓம்," என்றார். சொல்லிவிட்டுத் தன் தொடையில் ஓங்கி அடித்துக்கொண்டார்.

ஹஸ்மி சந்தோஷமாக எழும்பினான். நான் அவனை இருக்கச் சொன்னேன்.

"பிளக்குக்கும் தேத்தண்ணிக்கும் என்ன?"

அவன் விளக்கினான். எஞ்சினுக்குள் எப்படி எரிகிறது என்பதைப் பிளக்கின் நுனி காட்டும். இந்தக் கரையில் அதற்குப் பெயர் வைத்தவர் மாமாதான். கறுத்திருந்தால் வெறுந்தேத்தண்ணி: பெற்றோல் அதிகம், எஞ்சின் சோம்பும், ஆபத்தில்லை. மண்ணிறமாக இருந்தால் பால்தேத்தண்ணி: அதுதான் வேண்டும். வெளுத்திருந்தால் ‘பால் கூடிட்டு’ என்பார்கள்: பெற்றோல் குறைவு. டூ ஸ்ட்ரோக்குக்கு எண்ணெய் பெற்றோலோடு கலந்தே போகிறது. பெற்றோல் குறைந்தால் எண்ணெயும் குறையும். பிஸ்டன் சூடேறி வீங்கி, ஓட்டத்தின் நடுவில் சிலிண்டரைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும்.

"பிடிச்சா?"

"எஞ்சின் போயிடும் மிஸி. போட்டி போனாப் போகட்டும். பெருநாள் முடிய இதையே மாட்டிக்கொண்டுதான் நான் கடலுக்குப் போகோணும். வேற எஞ்சின் இல்ல."

நான் ஸைனுலாப்தீனுக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"உங்கட பேர் சித்தி பரீதாவோ?"

"ஓம்," என்றார். கண்ணை இறுக்க மூடித் தலையை இடவலமாக ஆட்டினார்.

"அப்ப நான் ஆரு?" என்று குசினியிலிருந்து குரல் வந்தது.

"பாத்தீங்களோ," என்றேன் ஹஸ்மியிடம். "இந்த வருத்தத்தில உள்ளுக்க இல்லை எண்டு நினைப்பார், வாயில ஓம் எண்டு வரும். அவர் சொன்ன ஓம் ஒண்டையும் நம்பாதீங்க. கையைப் பாருங்க."

பரீதாவிடம் மூன்று கோப்பைத் தேத்தண்ணி கேட்டேன். ஒன்று வெறும், ஒன்று அளவான பால், ஒன்று வெளுக்க வெளுக்கப் பால். மேசையில் வரிசையாக வைத்து, பிளக்குகளைப் பக்கத்தில் வைத்தேன். "எந்த நிறம்?" என்று மட்டும் கேட்டேன். ஸைனுலாப்தீன் நடுக்கோப்பையைத் தொட்டார். ஹஸ்மி மூச்சு விட்டான். அவர் அதைத் தள்ளிவிட்டு, வெளுத்த கோப்பையைப் பிடித்து, படகும் எஞ்சினும் இருந்த கடற்பக்கமாக மேசை விளிம்புவரை நகர்த்தினார். பால் சிந்தியது.

"இல்ல மாமா. கண்ணுக்கு முன்னால மண்ணிறமா இரிக்கி. நீங்களே பாருங்க."

அவர் நடுக்கோப்பையை மறுபடி தொட்டார், வெளுத்ததை மறுபடி தள்ளினார். ஹஸ்மி என்னைப் பார்த்தான். மாமாவுக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்று அவன் நினைத்தது முகத்தில் தெரிந்தது. சொல்லவில்லை, அவ்வளவு மரியாதை. போட்டி நெருங்கிவிட்டது, இதோடேயே ஓடுகிறேன் என்றான்.

ஸைனுலாப்தீன் எழும்பினார். இந்தத் தடவை கொட்டிலுக்குப் போகவில்லை. வாசலைத் தாண்டி மணலில் இறங்கி, காலை இழுத்துக்கொண்டு நேரே படகுக்குப் போனார். படகு விளிம்பை இடக்கையால் பிடித்துக்கொண்டு நின்றார். வீட்டுக்குத் திருப்ப முயன்றபோது கையை விடவில்லை. ஒரு கை மட்டும்தான், ஆனால் இரும்பைப் பிடித்துப் பழகிய கை.

"கடலுக்க போய் அடுத்தது வந்தா என்ன மிஸி செய்ற?" என்று பரீதா ஓடி வந்தார்.

"வீட்டிலயும் வரும். இப்பிடி எழும்பி எழும்பி விழுந்தால் இடுப்பெலும்பும் முறியும்."

இரத்த அமுக்கம் அளந்து பார்த்தேன். கூடுதலாகத்தான் இருந்தது, அவரைக் கதிரையில் கட்டி வைத்தால் இன்னும் கூடும் என்று பட்டது. உயிர்காப்பு அங்கி போடச் சொன்னேன். படகின் அடியில், எஞ்சினுக்குப் பக்கத்தில், முதுகுக்கு வலையை மடித்து வைத்து அவரை இருத்தினோம். நான் பின்னால் இருந்து இடுப்புவாரைப் பிடித்துக்கொண்டேன். பரீதா கரையில் நின்று ஓதினார். ஓதி முடிய எல்லாரையும் ஏசினார்.

ஹஸ்மி புதுப் பிளக்குகள் போட்டு எஞ்சினை இழுத்தான். கரைப்பக்கம் அது இருமியது, உதறியது. வலைப்படகுகளைத் தாண்டி வெளிக்கு வந்ததும் முழு வேகம் கொடுத்தான். சத்தம் மாறியது. அதைச் சத்தம் என்று சொல்ல முடியாது, பல்லுக்குள் ஏறியது. படகின் முன்பாதி தண்ணீரில் இல்லை. ஸைனுலாப்தீனைப் பார்த்தேன். நான் வந்த நாளிலிருந்து முதல் தடவையாக அவர் உடம்பில் ஒன்றும் அசையவில்லை.

பிறகு இடக்கை நீண்டது. எஞ்சினிலிருந்து ஹஸ்மியின் மணிக்கட்டுக்குப் போகும் சிவப்புச் சுருள் கயிற்றைப் பிடித்து இழுத்தார். ஓட்டி கடலில் விழுந்தால் எஞ்சினை அணைப்பதற்கு உள்ள கயிறு அது. எஞ்சின் அந்த இடத்திலேயே செத்தது. படகு மூக்கால் குத்தி நின்றது. நாங்கள் மூவரும் ஒருவர் மேல் ஒருவர்.

"என்ன வேல மாமா இது?" என்றான் ஹஸ்மி, உதட்டைத் தடவிக்கொண்டு.

மாமா பிளக்கைக் காட்டினார். ஹஸ்மி அங்கேயே கழற்றினான். சுட்டது, சாரத்து நுனியால் பிடித்தான். நுனி சுண்ணாம்பு போல வெளுத்திருந்தது. இரண்டும்.

அவன் பிளக்குகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு எனக்குச் சொன்னான், மாமாவைப் பார்க்காமல். முன்பெல்லாம் மாமாதான் இப்படி வெளிக்கடலில், முழு வேகத்தில் வைத்து எஞ்சினை அணைப்பார். இவன் தனியே ஓட்டியபோது கரைக்கு வந்துதான் அணைத்தான். கரையில் வலை கிடக்கும், பிள்ளைகள் குளிக்கும், நங்கூரக் கயிறுகள் இருக்கும். மீன்பிடிக்கிற எவனும் அங்கே வேகத்தைக் குறைத்து, மெதுவாகத்தான் வருவான். அப்படித்தான் தகப்பன்மார் பழக்கியிருக்கிறார்கள். அந்த மெதுவான ஓட்டத்தில் புகை படிந்து, வெளுத்த பிளக் மண்ணிறமாகிவிடும். அவன் பார்த்தது கரைக்கு வந்த நிறம். ஓடிய நிறம் இல்லை.

"மாமா," என்றான் கடைசியில், நேராக அவரைப் பார்த்து. "எத்தினை பெருசு போடட்டும்?"

ஸைனுலாப்தீன் ஒரு விரல் காட்டினார். அவன் பெட்டியைத் திறந்து அடுத்த பெரிய ஜெட்டை எடுத்துக் காட்டினான். அவர் வாங்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். மறுபடி ஓடினோம், மறுபடி கயிறு இழுபட்டது. இந்தத் தடவை நான் படகு விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பிளக் மண்ணிறமாக இருந்தது.

போட்டியில் ஹஸ்மி இரண்டாவதாக வந்தான். கிண்ணியாப் படகு ஒன்று வென்றது. எஞ்சின் நடுவில் கவ்விப் பிடிக்கவில்லை. கரையில் எல்லாரும் வென்ற படகைச் சுற்றி நின்றபோது, ஸைனுலாப்தீன் ஹஸ்மியின் எஞ்சின் மூடியைத் திறக்கச் செய்து, உள்ளே எதையோ தேடினார். மரத்த வலக்கை சூடான எஞ்சின் மண்டையில் பட்டுக் கிடந்ததை அவர் அறியவில்லை. கொப்புளம் எழும்பிய பிறகுதான் நான் கண்டேன். அந்தக் கையில் உணர்ச்சி இன்னும் வரவில்லை. வரும் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. மருந்து பூசித் துணி சுற்றும்போதும் மனிதர் ஓரிடத்தில் நிற்காமல் அசைந்து அரக்கிக்கொண்டே இருந்தார்.

பெருநாள் முடிந்த கிழமை, சாம்பல்தீவிலிருந்து பேணாட் என்றொருவர் தன் எஞ்சினை லொறியில் போட்டுக்கொண்டு வந்தார். ஸைனுலாப்தீன் கொட்டில் வாசலில், வழக்கம்போல நின்றுகொண்டிருந்தார். பேணாட் அவரைக் கடந்து வந்து ஹஸ்மியிடம் குனிந்து, மெல்லிய குரலில் கேட்டார்.

"தம்பி, ஐயாவுக்கு இப்ப ஏலாதாமே. இந்த எஞ்சினைத் திருத்தலாமோ எண்டு நீர் பாத்துச் சொல்லுவீரோ?"

"என்னட்டக் கேக்காதீங்க," என்றான் ஹஸ்மி. "அவர் அங்க நிக்கிறார். அவரிட்டக் கேளுங்க. ஓம் எண்டு சொன்னா உடன நம்பிடாதீங்க, கையைப் பாருங்க."

பேணாட் தொப்பியைக் கழற்றிக்கொண்டு திரும்பி நடந்தார். ஸைனுலாப்தீன் அதற்குள் லொறியில் ஒரு காலை வைத்துவிட்டார்.