கலப்பைக்கும் உழவு இயந்திரத்துக்கும் நடுவில்

வேலிச் சண்டைக்குப் பிறகு எனக்கும் என் அண்ணனுக்கும் பேச்சில்லை. ஆனால் சுருவில் கிராமத்தில் எங்கள் இருவரின் காணிக்கும் உழவு இயந்திரம் ஒன்றுதான். மாரி தொடங்கியதும், கலப்பையைப் பூட்ட இருவரும் சேர்ந்து நிற்க வேண்டியிருந்தது.

அண்ணன் இயந்திரத்தில் ஏறி இருந்தார். நான் அதற்கும் கலப்பைக்கும் நடுவில் நின்று, இயந்திரத்தின் தூக்குக் கையைக் கலப்பையில் மாட்டப் பார்த்தேன். கையின் துளை கலப்பைக்கு நேராக வரவில்லை.

"இன்னும் கொஞ்சம் பின்னுக்கு எடுங்கோ" என்றேன்.

"எனக்குப் படிப்பிக்கிறியோ?" என்று கோபத்தில் கிளச்சை விட்டார். இயந்திரம் பின்னால் பாய்ந்தது. நான் பக்கவாட்டில் விழுந்தேன். என் கால் நின்ற இடத்தில் இரும்புக் கை கலப்பையை இடித்து நின்றது.

"எழும்பிப் பூட்டு, மழை வரப்போகுது" என்றார். இறங்கிக்கூடப் பார்க்கவில்லை.

எழுந்து போய் இயந்திரத்தை நிறுத்தி, அதன் சாவியான திறப்பை உருவினேன்.

"இது எனக்கும் சொந்தம். திறப்பைத் தா!"

"ஓம், இயந்திரம் ரெண்டு பேருக்கும் சொந்தம். கால் எனக்கு மட்டும்தான் சொந்தம். இறங்குங்கோ."

இப்போது அவர் பின்னுக்கு எடுத்து முடிக்கும்வரை தள்ளியே நிற்கிறேன். பிரேக் போட்டு, திறப்பு என் கைக்கு வந்த பிறகே நடுவில் போகிறேன். துளை பொருந்தாவிட்டால் கலப்பையை அலவாங்குக் கடப்பாரையால் நெம்புகிறேன். அண்ணன் மேலே இருந்து திட்டுகிறார். திட்டத் திட்ட இன்னும் ஆறுதலாக, மெதுவாகப் பூட்டுகிறேன்.