புள்ளி விழாத சுவர்

என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால், "செவுரு புடிக்கிற வேலை" என்பாள் கிருஷ்ணப்பிரியா. கேட்டவர்கள் சிரிப்பார்கள். அவள் சிரிப்பதை விட்டு வெகுநாளாயிற்று.

அம்பத்தூர் எஸ்டேட்டில், பேட்டரிக் கடைக்கு மேல்மாடியில் ஆபீஸ். விற்பனைக்கு வரும் வீட்டை உள்ளே போகாமலே சுற்றிப் பார்க்கும்படி கம்ப்யூட்டரில் கட்டித் தருவார்கள். ஆட்கள் போய் ஓர் அறையைப் பல கோணத்தில் படமெடுத்து வருவார்கள். ஒரு படத்தில் தெரியும் கறை, விரிசல், ஆணி அடுத்த படத்திலும் இருக்கிறதா என்று மெஷின் ஒப்பிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி வைக்கும். அந்தரத்தில் மிதக்கும் லட்சக்கணக்கான புள்ளிகளில் ஒரே மட்டத்தில் கிடப்பவற்றைப் பிரித்து, இது சுவர், இது தரை, இது சீலிங் என்று குறிப்பது அவள் வேலை. கண் கூசக் கூடாதென்று ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத்தாள். வெளியே மழையா என்பதுகூட டீக்காரர் சட்டையைப் பார்த்தால்தான் தெரியும்.

சரி, வீட்டுக்குப் போனாலாவது? மேனாம்பேட்டில் ஒரே அறை. கணவன் வரதனுக்கு எந்நாளும் நைட் ஷிப்ட். ஞாயிறு பகலில் அவன் தூங்குவான், இவள் சத்தம் வராமல் பாத்திரம் கழுவ வேண்டும். மாமியார் கன்னியம்மாள் தங்கமானவள்தான். அந்த அறையில் தங்கத்துக்கும் இடம் வேண்டுமே! மூச்சு முட்டியது அந்தப் பெண்ணுக்கு.

அதனால்தான் படமெடுக்கும் குழுவில் ஓரிடம் காலி என்றதும், சூப்பர்வைசர் கிருபாகரன் முன்னால் போய் நின்றாள். மாங்காடு, வானகரம் என்று வண்டியில் காற்று வாங்கிக்கொண்டு போகலாம்!

"சாயந்தரம் கேமராவ எடுத்துகினு போங்க, உங்க ஊட்டயே புடிச்சுகினு வாங்க. நாலு செவுரும் மெஷின்ல தானா நின்னா எடம் உங்களுக்குத்தான். காலைல கேமரா எனக்கு வேணும், அதான் கண்டிஷன்" என்றார் அவர்.

சந்தோஷம் தாங்காமல் மத்தியானமே மாமியாருக்குப் போன் போட்டாள். "அத்தே, நம்ம ஊட்ட ஆபீசுல படமெடுத்துகினு வரச் சொல்லிகீறாங்க!" அந்தப் போனைப் போடாமல் இருந்திருக்கலாம்.

சாயங்காலம் கதவைத் திறந்ததும் சுண்ணாம்பு வாடை மூக்கில் ஏறியது. எண்ணெய்க் கறை, காலண்டர்கள், சாமி படங்கள், கண்ணாடியைச் சுற்றி இவள் ஒட்டிவைத்த ஸ்டிக்கர் பொட்டுகள், எதுவும் இல்லை. எல்லாம் மூட்டையாகக் கட்டிலுக்கு அடியில் கிடந்தன. நாலு பக்கமும் வெள்ளைவெளேர் என்று சுவர்.

தலையெல்லாம் வெள்ளைத் துளியோடு கன்னியம்மாள் திரும்பினாள். "நாலு பேரு பாக்கப்போற ஊடு, கேவலமாவா காட்றது? பாரும்மா, எங்கியாவது அழுக்கு கீதா?"

இல்லை. அதுதான் வினை. மெஷினுக்கு அடையாளம் சொல்ல ஒரு கீறல்கூட மிச்சமில்லை. பேப்பரையாவது ஒட்டலாமா என்று தொட்டுப் பார்த்தாள், விரலோடு வெள்ளை வந்தது.

"அத்தே, காலண்டர மட்டுமாவது மாட்டிக்கட்டா?"

"ஈர செவுத்துல ஆணி அடிப்பியா? தோளு கயண்டு போச்சு எனக்கு!" சொல்லும்போதே கிழவியின் முகத்தில் அவ்வளவு பெருமை. இந்த முகத்திடம் எதைச் சொல்லிச் சண்டை போடுவது? காலையில் கேமராவைத் திருப்ப வேண்டும். அப்படியே படமெடுத்தாள்.

மறுநாள் மெஷின் வேலையை முடித்தது. தரை வந்தது, டைல்ஸ் விரிசல் உட்பட. கட்டில் வந்தது, கதவு வந்தது. சுவர் ஒன்றுகூட வரவில்லை. நாலாபக்கமும் திறந்து கிடந்தது வீடு. கட்டிலிலிருந்து எழுந்தால் எந்தப் பக்கமும் நடந்து போய்விடலாம். ஒரு நிமிஷம் தோற்றதே மறந்துபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாங்க இது? வெறும் வெள்ளைல புள்ளி உழாதுன்னு உங்களுக்கா தெரியாது?" பின்னால் கிருபாகரன்.

"தெரியும் சார்." மாமியார் பேரை அவள் எடுக்கவில்லை.

"அந்த எடத்துக்கு வேற ஆளப் போட்டுக்கறேன். ஃபைல அரைகுறையா உடாதீங்க, கையாலயே செவுரு போட்டு மூடிடுங்க."

தரையின் விளிம்பைப் பிடித்து ஒவ்வொரு பக்கமாக எழுப்பிக்கொண்டு வந்தாள். கடைசிப் பக்கத்தில் கை நின்றது. அப்போது போன் அடித்தது.

"ஊடு நல்லா வந்துச்சாம்மா?"

கிருஷ்ணப்பிரியா கடைசிச் சுவரையும் போட்டு மூடினாள். "வந்துச்சு அத்தே. நாலு செவுரும் நல்லா நிக்குது."