புகைக்குப் போட்ட வலை

என்னைப் போல ஒரு மடையன் லைட்ஹவுஸ் குப்பத்தில் எனக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. புகையை வலை போட்டுப் பிடிக்கலாம் என்று நம்பினேன். நம்பியதோடு நிற்காமல் ஊரையும் நம்பச் சொன்னேன்.

எங்கள் நைனா ஃபைபர் படகின் பின்பக்கம் உட்கார்ந்து டீசல் எஞ்சினைப் பிடிக்கிறவர். கிளம்பியது முதல் கரை சேரும்வரை அதன் புகை அவர் முகத்தில்தான். நான் ஐந்தாவது படித்த வருஷம், படகை மணலில் ஏற்றியதும் மூச்சு இரைக்க நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார ஆரம்பித்தார். அம்மா வெந்நீர் கொடுப்பாள். குடித்துவிட்டு மறுநாளும் போவார். இருவரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. பேசத் தெம்பு இல்லை என்றுதான் இப்போது தோன்றுகிறது.

எனக்குத் தெரிந்த உலகத்தில் எது தப்பித்தாலும் காரணம் ஒன்றுதான்: வலையின் கண் பெரிது. ஆகவே இறால் குஞ்சு அள்ளுகிற கொசுவலையை நாலாக மடித்து, வலை ஊசியால் தைத்து, நைனா மூக்குக்கு ஒரு மூடி செய்தேன்.

அவர் மறுக்காமல் கட்டிக்கொண்டு போனார். "இன்னாண்ணே, மூக்குல வலை வுட்டுக்குனு வரே, மீன்பாடு எப்படி?" என்று கூட வந்தவர்கள் கேட்டார்களாம்.

திரும்பி வந்ததும் அவிழ்த்துப் பார்த்தால் மூடி கறுத்திருந்தது. பெரிய கொடுவா மீன் மாட்டியவன் மாதிரி அதைத் தூக்கிக்கொண்டு குப்பம் முழுக்கக் காட்டினேன்.

இரைப்பு மட்டும் நிற்கவில்லை. பழவேற்காட்டு டாக்டரம்மாவிடம் போனபோது மூடியையும் கொண்டுபோனேன். அவர் சிரிக்காமல் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல மாட்டினது பெரிய தூசு தம்பி. கண்ணுக்கே தெரியாத பொடி இருக்கு. அது நுரையீரலைத் தாண்டி ரத்தத்துல கலந்து இதயம் வரைக்கும் போகும்."

அதைவிடச் சின்னக் கண் வலை எங்கே விற்கும் என்று கேட்டேன். அவர் மாத்திரை எழுதிக்கொண்டே, நைனா இனி எஞ்சின் பக்கம் உட்காரவே கூடாது என்றார்.

எஞ்சினுக்கு ஆள் இல்லாமல் படகு போகாது. அதே படகில் முன்பக்கம் நின்று வலை விடுகிறவர் சித்தப்பா, நைனாவின் தம்பி. சாயங்காலம் நானே போய் அவரிடம் சொன்னேன். அவர் யோசிக்கக்கூட இல்லை. அண்ணன் முன்னால் காற்றில் உட்காரட்டும், எஞ்சினை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. நேரே சித்தியிடம் ஓடினேன். மணலில் கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். இனி எஞ்சினுக்குச் சித்தப்பா, நைனாவுக்குப் புகையால் கவலையே இல்லை, எல்லாம் என் ஏற்பாடு என்று அளந்துவிட்டு, பாராட்டுக்காக நின்றேன். அவள் நிமிரவில்லை. கேட்டது ஒன்றுதான். அதற்கும், இருக்கே என்று பதில் சொல்லிவிட்டு விளையாடப் போனவன் நான்.

"உங்க சித்தப்பாவுக்கு மூக்கு இல்லியா?"