பஸ்ஸின் முன் இருக்கை

“கோட்டையப் பத்தி நீ சொன்னா யாரும்மா நம்புவாங்க? நீங்கள்லாம் நேத்துதானே தோட்டத்துலேர்ந்து வந்தீங்க?”

ஜாலான் பெண்டஹாராவில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் தமிழ் முஸ்லிம் அண்ணனை ஊரே நானா என்றுதான் கூப்பிடும். அவர் இதைக் கோபமாகச் சொல்லவில்லை. ஒரு சீனத்து அம்மாவுக்குச் சீட்டித் துணி அளந்துகொண்டே, கெஜக்கோலிலிருந்து கண்ணை எடுக்காமல், சிரித்த முகத்தோடுதான் சொன்னார். அதனால்தான் இன்னும் எரிகிறது. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லிவிட்டு வந்திருப்பேன்.

மெர்டேக்கா என்று சுதந்திரம் வந்த மறு வருஷம் இது. நம் நாட்டை நாமே சுற்றிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் வந்திருக்கிறது. ஈப்போவிலிருந்தும் தைப்பிங்கிலிருந்தும் தமிழர்கள் குடும்பம் குடும்பமாக மலாக்காவுக்கு வரத் தொடங்கினார்கள். நானா அவர்களுக்காக ஒரு வாடகை பஸ் ஏற்பாடு செய்தார். காலையில் ஊருக்குள் இருக்கும் பழைய கோட்டைகள். பகலில் கடலோரமாக வடக்கே போய்த் தஞ்சோங் துவான் காடு. சாயங்காலம் திரும்பி வந்து அவர் கடை வாசலில் இறக்கம். அதற்குப் பிறகு சேலை எடுக்காமல் எவரும் ஊர் திரும்ப முடியாது. தஞ்சோங் துவானில் மரம் வெட்டக் கூடாது, எதையும் சுடக் கூடாது. வெள்ளைக்காரர் காலத்திலிருந்தே காவலில் இருக்கும் காடு. முனையில் ஒரு கலங்கரை விளக்கம். மாசி, பங்குனியில் சுமத்ராவிலிருந்து கடல் தாண்டி வரும் பருந்துகள் அங்கேதான் கரை சேரும்.

பஸ்ஸில் முன்னால் உட்கார்ந்துகொண்டு, வருகிறவர்களுக்கு எல்லாவற்றையும் விளக்கிச் சொல்ல ஒருவர் தேவைப்பட்டார். அந்த வேலையைக் கேட்கத்தான் நான் போயிருந்தேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள் நான். அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அப்பா தோட்டத்தை விட்டு வந்து டவுன் போர்டில் கூலி வேலைக்குச் சேர்ந்தார். காஜா பேராங்கில் ஒரு தகரக் கூரை வீட்டில் குடியேறினோம். நான் ஆங்கிலப் பள்ளியில் கடைசி வகுப்புவரை படித்துத் தேறினேன். போர்த்துகீசியர் எப்போது வந்தார்கள், டச்சுக்காரர் எப்படிப் பிடித்தார்கள், ஆங்கிலேயர் ஏன் இடித்தார்கள் என்று நூலகத்துப் புத்தகங்களைப் படித்து மனப்பாடமாக வைத்திருந்தேன். என்னைவிட இதற்குத் தகுந்தவர் யார் என்று நினைத்திருந்தேன்.

நானா அந்த வேலைக்கு அவளை எடுத்துக்கொண்டார்.

அவள் கம்போங் செட்டிப் பெண். கம்போங் என்றால் கிராமம், நம் வாயில் கம்பம். எங்கள் வீட்டிலிருந்து நடந்தால் வெற்றிலை மென்று முடிப்பதற்குள் போய்விடலாம். பல நூறு வருஷங்களுக்கு முன் கப்பலில் வந்து, இங்கேயே பெண் கட்டி, இங்கேயே தங்கிவிட்ட வியாபாரிகளின் வம்சம். நம் சாமிகளைத்தான் கும்பிடுவார்கள், நெற்றியில் திருநீறு பூசுவார்கள். ஆனால் வீட்டில் பேசுவது மலாய். கெபாயாச் சட்டையும் சாரோங் கைலியும் உடுத்தி, கொண்டையில் ஊசி குத்தி அவள் தெருவில் நடந்தால் சைக்கிள்கள் மெதுவாகும். அவளுக்குத் தமிழில் நாலு சொல்கூடத் தெரியாது.

“தமிழங்களுக்குத் தமிழ் தெரியாதவ எப்படி நானா சொல்லுவா?” என்று கேட்டேன்.

“அதுக்குத்தான் நீ இருக்கியே தங்கச்சி. அவ சொல்லட்டும். நீ தமிழ்ல எடுத்துச் சொல்லு. அவளப் பார்த்தாலே மலாக்கா மாதிரி இருக்கால்ல?”

அப்படியானால் நான் எந்த ஊர் மாதிரி இருந்தேனோ தெரியவில்லை. கண்ணாடியைப் பார்க்கப் பிடிக்கவில்லை. ஆனாலும் ஒப்புக்கொண்டேன். பஸ்ஸில் ஏறிவிட்டால் போதும், ஒரு நாள் பார்த்தாலே நானாவுக்கு யார் கெட்டிக்காரி என்று தெரிந்துவிடும், முன் இருக்கை எனக்கு வந்துவிடும் என்று எண்ணினேன்.

அந்தச் சனிக்கிழமை ஈப்போவிலிருந்து வாத்தியார்களும் அவர்கள் வீட்டுப் பெண்களும் வந்திருந்தார்கள். நானாவும் கூடவே வந்தார். முன் இருக்கையில் அவள். கையில் நானா செய்து கொடுத்த தகர ஊதுகுழல். அதில் பேசினால் பஸ்ஸின் கடைசிவரை கேட்கும். எனக்கு அவள் பின்னால், சக்கரத்துக்கு மேலே, முழங்கால் இடிக்கும் இடம்.

“அடேக், பசியாறியாச்சா?” என்று அவள் திரும்பிக் கேட்டாள். மலாயில்தான். அடேக் என்றால் தங்கச்சி. எனக்கு அவள் அக்காவானது எப்போது? ஆச்சு என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

முதலில் பெரிய கோட்டையின் வாசல். கோட்டை முழுவதையும் இடித்த பிறகு மிஞ்சியது அந்த ஒரு வாசல்தான். அதற்குரிய வருஷங்களை வரிசையாக நாக்கு நுனியில் வைத்திருந்தேன். அவளோ வருஷம் எதையும் சொல்லவில்லை. வாசல் கல்லைத் தடவிக்கொண்டே, “இடித்த கல்லில் கொஞ்சம் எங்கள் கம்பத்துக் கிணற்றிலும் இருக்கிறது. அந்தத் தண்ணீரில்தான் நான் குளித்து வளர்ந்தேன்” என்றாள். நான் தமிழில் சொன்னேன். அவள் சொன்னதை அப்படியே சொல்ல வேண்டும் என்பதால், “எங்கள் கம்பத்துக் கிணறு,” “எங்கள் முன்னோர்கள் வந்த கப்பல்” என்றுதான் என் வாயிலிருந்து வந்தது. வாத்தியார்கள் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். “அப்படியா!” என்றார்கள். அந்த நாழிகைக்கு அந்தக் கப்பலும் கிணறும் எனக்கே சொந்தமாக இருந்தன. சொல்லச் சொல்ல என் முதுகு நிமிர்ந்தது.

வெள்ளைச் சேலை கட்டி, பூசைக் கூடை ஒன்றைக் கையில் வைத்திருந்த ஓர் அம்மா என் பக்கம் நகர்ந்து வந்தார்.

“ஆமா, நீ எந்தத் தோட்டம்மா?”

“தோட்டம் இல்லீங்க, காஜா பேராங்.”

“அது சரி. அதுக்கு முன்ன எந்தத் தோட்டம்?”

சொன்னேன். “அடடே, எங்க ஓரகத்தி அண்ணன் அங்கதான் கங்காணியா இருந்தார்” என்று அவர் பெரிதாக மகிழ்ந்துபோனார். அவளை யாரும் எந்தத் தோட்டம் என்று கேட்கவில்லை. மலாயாவில் எந்தத் தமிழனைப் பார்த்தாலும் முதலில் கேட்கும் கேள்வி அது. அவளைப் பார்த்தால் மட்டும் யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அடுத்தது குன்றின் மேலிருக்கும் சிறிய கோட்டை. அங்கே பீரங்கிகள் கடலைப் பார்க்காமல் ஊர்ப்பக்கம் பார்த்து நிற்கும். பகைவர் உள்ளேயிருந்து வந்ததால் அப்படி வைத்தார்கள். இது புத்தகத்தில் இருக்கிறது. அவள் வாய் திறப்பதற்குள் நானே தமிழில் முழுவதையும் சொல்லி முடித்தேன். அவள் ஊதுகுழலைத் தாழ்த்திக்கொண்டு காத்திருந்தாள். நான் முடித்ததும், “பாகூஸ், அடேக்” என்றாள். நல்லா இருக்கு என்று அர்த்தம். பரிசு கொடுப்பதுபோலச் சொன்னாள். பீரங்கியின் வாய் யார் பக்கம் திரும்பியிருந்தது என்று எனக்குத்தான் தெரியும்.

வழியெல்லாம் தென்னந்தோப்பு, கடல், மறுபடி தென்னந்தோப்பு. பெண்கள் அவளுடைய கொண்டை ஊசி பொன்னா, கெபாயா யார் தைத்தது, கல்யாணம் ஆயிற்றா என்று கேட்டுக்கொண்டே வந்தார்கள். கேள்வியைப் பின்னாலிருந்து முன்னாலும் பதிலை முன்னாலிருந்து பின்னாலும் நான்தான் சுமந்தேன். என் தாவணியைப் பற்றி யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

தஞ்சோங் துவானில் பஸ்ஸை அடிவாரத்தில் நிறுத்திவிட்டு நடந்தோம். கலங்கரை விளக்கத்தடியில் நின்று பார்த்தபோது பருந்துகள் வந்துகொண்டிருந்தன. கடலின் மேல் முதலில் மிளகு தூவியதுபோலத் தெரியும். பிறகு சிறகு விரித்த ஒன்று, அதன் பின்னே இன்னொன்று, கரைக்கு வந்ததும் வட்டமடித்து மேலே மேலே ஏறும். இதைப் பார்த்தபோது மட்டும் அவள் நினைவு எனக்கு வரவில்லை. கொஞ்ச நேரந்தான்.

பிறகு அவள் எங்களைக் கடற்பாறைப் பக்கம் இறக்கிக் கூட்டிப் போனாள். “பெலான், பெலான்”, மெதுவாக, மெதுவாக என்று ஒவ்வொருவர் கையையும் பிடித்து இறக்கினாள். அங்கே ஒரு பாறையில் பெரிய காலடித் தடம் பதிந்திருக்கிறது. பழங்காலத்து மலாய் வீரர் ஒருவர் தாவிக் குதித்தபோது பதிந்தது என்பார்கள். அதைச் சொல்ல அவள் ஊதுகுழலைத் தூக்குவதற்குள் பூசைக் கூடைக்கார அம்மா தடத்தைப் பார்த்துவிட்டார்.

“ஐயோ சாமி! பாதம்! பாதம் பதிஞ்சிருக்கு பாருங்க!”

கல்லில் கால் பதிந்திருந்தால் அது சாமியின் கால் அல்லாமல் வேறு யாருடையதாக இருக்கும்? அத்தனை பெண்களும் செருப்பைக் கழற்றினார்கள். வாத்தியார்களும் கழற்றினார்கள். சாயங்காலம் மலாக்காவின் பழைய பிள்ளையார் கோயிலுக்கென்று வைத்திருந்த கூடை திறந்தது. மஞ்சள், பூ, வாழைச் சீப்பு எல்லாம் தடத்தைச் சுற்றி வைத்தாயிற்று. நான் அவளைப் பார்த்தேன். ‘இப்போது மாட்டினாள், இவர்களை எப்படித் தடுப்பாள்?’ என்று எனக்குள் ஒரு குளிர்ச்சி. அவளோ ஊதுகுழலைக் கல்மேல் வைத்துவிட்டு, தன் செருப்பைக் கழற்றி, கைகூப்பி நின்றாள்.

அந்த அம்மா தேங்காயைப் பாறையில் அடித்து உடைத்தார்.

அந்தச் சத்தத்துக்காகவே காத்திருந்தவைபோல மரங்களிலிருந்து குரங்குகள் இறங்கின. ஒன்று வாழைச் சீப்பை அப்படியே தூக்கிக்கொண்டது. ஒன்று தேங்காய் மூடி. கிடைக்காதவை செருப்பில் கை வைத்தன. ஒரு கிழட்டுக் குரங்கு தகர ஊதுகுழலை எடுத்துக்கொண்டு கிளைமேல் ஏறி, அதற்குள் கையை விட்டுத் துழாவியது. பெண்கள் அலறிக்கொண்டு வழுக்குப் பாறையில் நாலு பக்கமும் ஓடினார்கள். அலை வேறு ஏறிக்கொண்டிருந்தது. இங்கே வாருங்கள் என்று அவள் மலாயில் “மாரி! மாரி சினி!” எனக் கத்தினாள். ஊதுகுழல் இல்லாமல் அவள் குரல் கடலிரைச்சலில் அவளுக்கே கேட்டிருக்காது.

ரப்பர் நிரையில் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குக் கூப்பிடுவதற்கென்று எங்கள் தோட்டத்துப் பெண்களிடம் ஒரு குரல் உண்டு. வயிற்றிலிருந்து எடுத்து, ஓ என்று நீட்டி, கடைசியில் வெட்டி நிறுத்துவது. அம்மாவிடமிருந்து எனக்கு வந்தது. பெண்பிள்ளை இப்படிக் கத்தலாமா என்று பள்ளிக்கூடத்தில் அதை அடக்கி வைத்திருந்தார்கள். அன்று அதை விட்டேன். குரங்குகள்கூட ஒரு கணம் நின்றன.

“எல்லாரும் மேல ஏறுங்க! கையில இருக்கிற பழத்தக் கீழ போடுங்க! ஓடாதீங்க, நடங்க! என் பக்கம், என் பக்கம் வாங்க!”

வந்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மூன்று செருப்புகளும் ஓர் ஊதுகுழலும் காட்டோடு போயின. மேலே வந்ததும் மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு வாத்தியார் சொன்னார்: “அம்மாடி, இது தொண்டையா, தோட்டத்துச் சங்கா?” எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று முதல் தடவையாக என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

இறங்கி வரும்போது நான் அவளிடம் மலாயில் கேட்டேன்: “அது சாமி கால் இல்லை என்று உனக்குத் தெரியுமே. ஏன் கும்பிட்டாய்?”

“யார் கால் என்றால் என்ன, அடேக்? பெரியவர் கால்தானே” என்றாள். பிறகு, “உன் குரல் மாதிரி எனக்கு இல்லையே” என்று என் தோளைத் தட்டினாள். பொறாமைப்படக்கூட அவளுக்கு வரவில்லை. இவ்வளவு இருப்பவளுக்கு அது எதற்கு? அதையும் சேர்த்து என் மனத்தில் வைத்துக்கொண்டேன்.

இருட்டுவதற்குள் ஜாலான் பெண்டஹாரா வந்துவிட்டோம். செருப்பைப் பறிகொடுத்த பெண்கள்கூடக் கடைக்குள் நுழைந்து சேலைகளைப் புரட்டினார்கள். நான் நானாவுக்காகக் காத்து நின்றேன்.

“தங்கச்சி, நல்ல சத்தம்! நீ இல்லாட்டி இன்னிக்கு என் பேரு போயிருக்கும்.”

“அப்ப அடுத்த மாசம் நான் முன்னால உட்காரட்டுமா நானா?”

அவர் நிஜமாகவே வியந்து பார்த்தார். “முன்னாலயா? அவ உட்காரட்டும்லா. அவளப் பார்க்கத்தானே ஜனம் வருது. நீ பின்னால இருந்து இதே மாதிரி பார்த்துக்க. இந்தா, ஒரு ஜாக்கெட் துணி எடுத்துக்க.”

துணியை எடுக்கவில்லை. வீட்டுக்கு நடந்து போனேன். கம்போங் செட்டி முனையில் அவள் வீட்டு விளக்கு தெரிந்தது.

அம்மா சோறு போட்டுக்கொண்டே கேட்டார். காலையிலிருந்து நடந்ததை எல்லாம் கொட்டினேன். கொண்டை ஊசியையும் விடவில்லை.

“அது கெடக்கட்டும். அந்தக் கோட்ட வாசல் எவ்ளோ உசரம் இருக்கும்?” என்றார் அம்மா.

“நீ பார்த்ததில்லையா?”

“நான் எங்கடி பார்த்தேன்? தோட்டத்துல இருந்தப்ப நாங்க பொம்பளைங்க எல்லாம் பேசிக்குவோம், ஒரு தரம் போயிப் பார்க்கணும்னு. பால் தூக்குற காண்டா வாளியக் கழுவி வைக்கிறப்ப நிதமும் இதே பேச்சுதான். யாரு கூட்டிட்டுப் போனா? அதுங்க இன்னும் அங்கதான் கெடக்குதுங்க.”

அவர்களை நானே கூட்டிக்கொண்டு போனால் என்ன என்று அப்போதுதான் தோன்றியது.

அவளைப் பார்க்க ஜனம் வரட்டும். கெபாயாவும் கிணற்றுக் கல்லும் அவளுக்கே இருக்கட்டும். இப்போதும் அவளைத் தெருவில் பார்த்தால் எனக்கு நெஞ்சில் ஏதோ குத்தத்தான் செய்கிறது. இல்லை என்று எழுதினால் பொய்யாகிவிடும். ஆனால் தோட்டத்து வரிசை வீடுகளில், லயத்தில், இருக்கும் அந்தப் பெண்கள் முன்னால் அவள் நின்று பேசினால் ஒரு வார்த்தைகூட அவர்களுக்குப் புரியாது. அவர்களும் என்னை எந்தத் தோட்டம் என்று கேட்கப் போவதில்லை.

போன வாரம் நானும் அம்மாவும் பழைய லயத்துக்குப் போய் வீடு வீடாகச் சொல்லிவிட்டு வந்தோம். நேற்று அதே பஸ்காரரைப் பார்த்து, சம்பளம் போட்ட மறுநாள் ஞாயிற்றுக்கிழமைக்கு வண்டி சொல்லிவிட்டேன். வாழைப்பழமும் தேங்காயும் யாரும் கொண்டுவரக் கூடாது என்று பெண்களிடம் கண்டிப்பாகச் சொல்லியாகிவிட்டது. முன் இருக்கையில் வேறு யாரையும் உட்கார வைக்க வேண்டாம் என்று அவரிடமும் சொல்லியிருக்கிறேன்.