வெர்னாவின் சாவிக்கொத்து தின்ற டாலர்

ஊரெல்லாம் பழைய வெள்ளி டாலரைப் பட்டுத்துணியில் பொத்திப் பொத்தி வைக்கும். எல்கோ என்ற ஊரில் பள்ளிக்கூட பஸ் ஓட்டும் வெர்னா கெட்டில்சன் மட்டும் அதை ஜீன்ஸ் பாக்கெட்டில் சாவிக்கொத்தோடு போட்டுக் குலுக்கிக்கொண்டு திரிந்தாள். அதுவும் சாதா டாலர் இல்லை. 1889-ல் கார்சன் சிட்டி நாணயச்சாலையில் அடித்தது. கண்ணில் படுவதே அபூர்வம். வாங்கும்போதே பாதி தேய்ந்த காசு. மீதியை இவள் வருஷக்கணக்காகத் தேய்த்தாள். இடையில் இரண்டு புருஷன்கள் கழன்று போனார்கள். காசு போகவில்லை.

பைத்தியம் என்று நினைக்க வேண்டாம். பளபளப்புக்கு அலையும் கூட்டம் உண்டென்றால் தேய்மானத்துக்கு அலையும் கூட்டமும் உண்டு. இவர்களுக்குப் புத்தம்புதுக் காசுக்குப் போடும் தரம் எழுபது வேண்டாம், ஆகக் கடைசியான தரம் ஒன்றுதான் வேண்டும். ஆனால் வருஷமும், ஊரைச் சொல்லும் இரண்டு 'சி' எழுத்தும் தெரிந்தாக வேண்டும். குறைவாகத் தேய்ந்தால் தரம் இரண்டு. கூடிப் போனால் வெறும் வெள்ளித் தகடு. உப்புத்தாள் போட்டு ஏமாற்றவும் முடியாது, கீறல் காட்டிக்கொடுத்துவிடும்.

காசுச் சங்கத்தின் தேய்மானக் கோப்பை போன வருஷம்வரை கிணறு தோண்டும் ரஸ்டி பர்செலிடம் இருந்தது. அவன் காசு தரம் இரண்டு. இந்தத் தடவைப் போட்டிக்கு வெர்னா தன் காசைச் சங்கக் கூடத்து மேசையில் வைத்தாள்.

"என்ன வெர்னா, சட்டைப் பொத்தானைக் கொண்டாந்திருக்கே? காசுல இருக்கிற அந்தம்மா தலையில ஒரு முடி தெரியலையே!"

"உன் மண்டைக்கு இது தேவலை ரஸ்டி. பேசாம உட்காரு."

தரம் பார்ப்பவர் கிழவர் ஆர்வில். எடை போட்டார், விளிம்பைத் தடவினார், லென்ஸை வைத்தார்.

"எண்பத்தொம்பது. வருஷம் நிக்குது."

திருப்பினார். லென்ஸை இன்னும் கிட்டே கொண்டுபோனார்.

"வெர்னா, 'சி'யைக் காணோம்மா."

அவள் மேசைமேல் குனிந்தாள். "ரெண்டுமா?"

"ரெண்டும்."

"சாவி தின்னுட்டுது!" ரஸ்டி தொடையைத் தட்டிச் சிரித்தான்.

ஆர்வில் விளக்கை மேசையோடு மேசையாகத் தாழ்த்தினார். காசை மெள்ளச் சாய்த்தார். "இரு, இரு... இந்தா ஒன்னு. அட, பக்கத்துலயே கூடப்பொறந்ததும் படுத்திருக்கு!"

"ஒட்டு எழுத்தா இருக்கும்!" ரஸ்டி துள்ளி எழுந்தான். "சாதா டாலர்ல 'சி' ஒட்டி விக்கிற பய எத்தனை பேர்!"

"யோவ், ஒட்டினதா இருந்தா இவ சாவி எப்பவோ பேத்து எறிஞ்சிருக்கும். வெள்ளியோட வெள்ளியா கிடக்கு பாரு. இதுக்கு மேல என்னய்யா சோதனை வேணும்? அசல். தரம் ஒன்னு. இதுக்குக் கீழ இறங்கப் படியே இல்ல!"

வெர்னா போட்ட கூச்சலில் காப்பிக் கோப்பைகள் ஆடின. ஆர்விலின் வழுக்கையில் முத்தம் கொடுத்தாள், ரஸ்டியைப் பிடித்துச் சுற்றினாள், காசை எடுத்துப் பழக்கதோஷத்தில் பாக்கெட்டில் போட்டாள். சாவி குலுங்கியது.

"வெர்னா!" கூடமே அலறியது.

"அசையாதே! இன்னும் ஒரு உரசல் போதும், போச்சு!" ஓடிவந்து முட்டி போட்டவன் ரஸ்டிதான். "முதல்ல சாவியை எடுத்து என்கிட்ட குடு... மெதுவா... இப்ப காசு!"

ஆர்வில் மறுபடி விளக்கைத் தாழ்த்தினார். "இருக்கு. ரெண்டும் இருக்கு. போய்த் தொலைங்க!" காசை டப்பியில் போட்டு அழுத்தி மூடினார்.

எல்லோரும் சிரித்து ஓய்ந்தும் ரஸ்டி தரையைவிட்டு எழவில்லை. கையிலிருந்த சாவிக்கொத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏன் வெர்னா, இதை எனக்கு ஒரு வருஷம் கடன் குடுக்கிறியா?"