மாமா தேடிய கரண்ட்

மாமா என் அக்கா புருஷன், எலெக்ட்ரீஷியன். ஊரில் பாதி வீட்டுக்கு வயரிங் செய்தவர், சொந்த வீட்டில் மட்டும் ஒரு வேலையைப் பாக்கி வைத்தார். குளியலறை ஹீட்டருக்கு எர்த் கம்பி இணைக்கவில்லை. கோளாறு வந்தால் கரண்டை மண்ணுக்கு இழுத்துப் போகிற கம்பி அது. அக்கா கேட்டபோதெல்லாம் நாளைக்கு என்றார். ஒரு காலையில் அக்கா ஈரக் கையோடு குழாயைத் தொட்டாள். அவ்வளவுதான்.

சாவு வீட்டில், எல்லார் முன்னாலும் நான் கேட்டேன்.

"நாளைக்கு நாளைக்குன்னீங்களே மாமா, வந்துடுச்சா உங்க நாளைக்கு?"

என் வாய் அப்படி. கோபம் வந்தால் முன்பின் பார்க்காது. அவர் தலையைக் குனிந்துகொண்டார். மறுநாள் ஏணி போட்டு, அந்தக் கம்பியை இணைத்தார். பிறகு ஆறு மாதம் யாரோடும் பேசவில்லை, வேலைக்கும் போகவில்லை, சோறு வைத்தால் வைத்தபடி இருக்கும். திட்டிய பாவத்துக்கு நானே அவரை மனநல டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன்.

டாக்டரம்மா பொறுமைசாலி. மூளையில் ஒரு நரம்பு அடுத்த நரம்புக்குச் சேதி சொல்ல செரோடோனின் என்ற ஒன்றை விடும், பிறகு அதையே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும், இந்த மாத்திரை அந்த உறிஞ்சலைத் தடுக்கும் என்றார். அதனால் மனசு எப்படித் தேறுகிறது என்பது முழுதாகத் தெரியவில்லையாம், ஆனால் பலர் தேறுகிறார்களாம். பலன் தெரிய சில வாரம் ஆகும். அதற்குமுன் குமட்டல், வியர்வை, தூக்கக் கேடு வரலாம். முதல் வாரங்களில் படபடப்போ விபரீத எண்ணமோ வந்தால் உடனே கூப்பிட வேண்டும். தானாக நிறுத்தவே கூடாது. எல்லாம் கேட்டுவிட்டு மாமா மருந்துச் சீட்டைப் பார்த்தார். "எத்தனை ஆம்பியர் டாக்டர்?" என்றார். ஆறு மாதத்தில் அவர் பேசிய முதல் பேச்சு அது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

மாத்திரை வேலை செய்தது. இரண்டு மாதத்தில் டூல்ஸ் பையைத் தூக்கினார். சாப்பிட்டார், தூங்கினார். வாய் உலர்கிறது என்று எப்போதும் தண்ணீர் பாட்டிலோடு திரிந்தார். நானும் நிம்மதியாக என் பாட்டைப் பார்க்கப் போய்விட்டேன்.

அக்கா போன தேதி இரண்டாம் முறை வந்தது. படத்துக்கு முன்னால் உட்கார்ந்து பார்த்தாராம், அழுகை வரவில்லையாம். அவள் முகம் யாரோ பக்கத்து வீட்டுக்காரி முகமாகத் தெரிந்ததாம். அன்றே யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டார்.

ஒரு வாரம் கழித்துப் போனால் வீடு வீடாக இல்லை. குளியலறைச் சுவரைக் கொத்திப் பைப் வரை திறந்து வைத்திருந்தார். தரையெல்லாம் செங்கல் தூள். எதைத் தொட்டாலும் முதலில் புறங்கையால் தொட்டார். உள்ளங்கையால் தொட்டால் கரண்ட் விரலை மடக்கிப் பிடித்துக்கொள்ளும், அதனால் அவர் தொழிலில் அப்படித்தான். வீட்டில் கரண்ட் கசிகிறது, கண்ணைத் திருப்பினாலே தலைக்குள் ஷாக் அடிக்கிறது என்றார். கரண்ட் இருந்தால் எரிகிற டெஸ்டர் ஏன் எரியவில்லை என்று கேட்டேன். டெஸ்டர் பொய் சொல்லும் என்றார். அக்காவைக் கொன்ற கரண்ட் இன்னும் அந்தச் சுவருக்குள் இருப்பதாகவே நினைத்து அவர் தோண்டியிருக்கிறார்.

மறுபடியும் டாக்டரம்மா. திடீரென்று நிறுத்தினால் பலருக்கு இப்படி வரும், அவர்களும் ஷாக் என்ற இதே சொல்லைத்தான் சொல்கிறார்கள் என்றார். அழுகை வராததும் மாத்திரையின் வேலையாக இருக்கலாம், சொல்லியிருந்தால் அளவைக் குறைத்திருப்பேன் என்று வருத்தப்பட்டார். இப்போதைக்குப் பழைய அளவையே தொடர வேண்டும், பிறகு மெல்ல மெல்லக் குறைக்கலாம். "இங்க உக்காந்திருக்கும்போதும் அடிக்குதா?" என்று கேட்டார். மாமா ஜன்னல் பக்கம் கண்ணைத் திருப்பினார், உடம்பு ஒருமுறை தூக்கிப்போட்டது. உடனே எழுந்துபோய் கிளினிக் சுவரில் இருந்த பிளக் பாயிண்டைப் புறங்கையால் தடவினார். இந்தக் கட்டடத்திலும் எர்த் சரியில்லை என்றார்.

வீட்டுக்கு வந்து மாத்திரையை நீட்டினேன். வாங்கவில்லை.

"இது நின்னுட்டா, அவ பட்டது எனக்கு எப்படித் தெரியும்?"

நேரே குளியலறைக்குப் போனேன். கையை நனைத்துக்கொண்டு அக்கா தொட்ட குழாயை உள்ளங்கையால் இறுகப் பிடித்தேன். ஷாக் மாத்திரையை நிறுத்தியதால்தான், குழாயில் கரண்ட் இல்லை என்று டாக்டரம்மா பேச்சை வைத்து நம்பினேன். மாமா போட்ட வயரிங்கை அந்த வீட்டில் இரண்டு வருடமாக நான் நம்பியதில்லை, ஒரு ஸ்விட்ச்கூடப் போட்டதில்லை.

மாமா அலறிக்கொண்டு ஓடிவந்து வாசற்படியில் நின்றார். ஷாக் அடித்தவரைத் தொடக்கூடாது என்பது அவருக்குத் தெரியும். என்னைத் தொடவும் முடியாமல் விடவும் முடியாமல் தவித்தார்.

"கையை எடும்மா. உன்னைக் கும்பிடறேன்."

"நீங்க முழுங்குங்க. அப்புறம் எடுக்கறேன்."

தண்ணீர்கூடக் குடிக்காமல் முழுங்கினார். முழுங்கிவிட்டுச் செங்கல் தூளிலேயே உட்கார்ந்தார். அன்றைக்குச் சாவு வீட்டில் நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது என்றேன். "நீ கேட்டது சரிதான்," என்றார், என் கையையே பார்த்தபடி.

சில நாளில் ஷாக் நின்றது. அளவைக் குறைக்கக் குறைக்க, ஒரு மத்தியானம் அக்கா படத்துக்கு முன்னால் விக்கி விக்கி அழுதார். சுவரைப் பூசிவிட்டார், வேலைக்குப் போகிறார். ஆனால் அந்த வீட்டுக் குழாயை நான் இன்றும் புறங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் திறக்கிறேன். அவர் அதைப் பார்த்துக்கொண்டே நிற்பார்.